யூனிட்டின் அனுபவம் எவ்வளவு காலம் நிற்க வேண்டும்? ஆர்டிஎஸ் கேம்களில் நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஆர்டிஎஸ் கேம் (நிகழ்நேரத்தில் படை கட்டி மோதும் உத்தி கேம்; அதில் ஒவ்வொரு வீரனும் டேங்க்கும் ஒரு யூனிட்) ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்ப்பவர்களும், பழைய கேமுக்கு மாட் (ரசிகர்களே செய்யும் மாற்றம்) எழுதுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "யூனிட்டுக்கு லெவல் வைக்கலாமா, வேண்டாமா?" கூடவே இன்னொன்றும் வரும்: "வைத்தால், அந்த லெவல் அடுத்த மிஷனுக்கும் வரணுமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் வார்கிராஃப்ட் 3 ஆடி வளர்ந்தவர்கள். ஹீரோ லெவல் ஏறும்போது வரும் குஷியைத் தங்கள் கேமிலும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். மீதிப் பேர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பக்கம். அவர்களுக்கு லெவல் என்றாலே ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை வளர்த்து ஆடும் கேம்) வாடை அடிக்கிறது.

லெவல் நல்லதா கெட்டதா என்று தனியாகப் பேசினால் விவாதம் முடியவே முடியாது. அது எவ்வளவு காலம் நிற்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எதிரே கம்ப்யூட்டர் என்றால் நீண்ட நினைவு நல்லது. எதிரே மனிதர் என்றால், ஆட்டம் முடிந்ததும் எல்லாம் அழிந்துபோவதே நல்லது. இதுதான் என் நிலைப்பாடு. ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

வழிகள் நான்கு. அனுபவமே இல்லாமல் விடுவது. ஒரே ஆட்டத்துக்குள் மட்டும் அனுபவம் சேர்வது. கேம்பெயின் (கதையாகத் தொடரும் மிஷன்களின் வரிசை) முழுக்க படை கூடவே வருவது. ஆட்டக்காரரின் கணக்கோடு லெவல் ஒட்டிக்கொண்டு எல்லா ஆட்டத்துக்கும் வருவது.

## முதலில் அளவுகோல்கள்

முந்தியவர் இன்னும் முந்துகிறாரா? சண்டையில் ஜெயித்தவருக்கு ஏற்கெனவே பரிசு கிடைத்துவிட்டது. எதிரியின் படை குறைந்தது, அவருடைய சுரங்கம் காவலில்லாமல் கிடக்கிறது. அதற்கு மேல் எக்ஸ்பியும் (அனுபவப் புள்ளி) கொடுத்தால், கந்து வட்டிக்காரர் கையில் பணம் குவிகிற மாதிரி, இருப்பவரிடமே இன்னும் சேரும். அதனால் ஒவ்வொரு வழியிலும் இதற்குக் கடிவாளம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

படை எவ்வளவு பெரியது? இதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. உச்ச ரேங்க் எட்டிய யூனிட்டுக்கு 30% கூடுதல் தாக்குதலும் 30% கூடுதல் உயிரும் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்று மோதினால் அது 60% பலசாலி அல்ல, 1.3 × 1.3 = 1.69 மடங்கு. ஆனால் கூட்டத்தோடு கூட்டம் மோதும்போது கதை வேறு. முதல் உலகப் போர்க் காலத்தில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சொன்ன கணக்குப்படி, தூரத்திலிருந்து சுடும் படையின் பலம் என்பது தரம் பெருக்கல் எண்ணிக்கையின் வர்க்கம். அனுபவசாலிகள் 10 பேர் என்றால் 1.69 × 100 = 169. புதியவர்கள் 13 பேர் என்றால் 13 × 13, அதுவும் 169. ஆக, நீங்கள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வளர்த்த 10 பேரும் பாரக்ஸிலிருந்து (வீரர்களை உருவாக்கும் கட்டிடம்) இப்போதுதான் வந்த 13 பேரும் சமம்.

150 பேர் கொண்ட படையில் 10 பேர் மட்டும் அனுபவசாலிகள் என்றால், கிடைக்கும் லாபம் மூன்று புதியவர்கள். அந்த மூவரைக் கட்டிடமே அரை நிமிடத்தில் தள்ளிவிடும். மொத்தப் படையே ஆறு பேர்தான் என்றால் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு ரேங்க்கும் கண்ணில் படும், கையில் உறைக்கும்.

யூனிட் செத்தால் ஆட்டக்காரர் என்ன செய்வார்? பின்வாங்குவாரா, திரும்ப உயிர்ப்பிப்பாரா, பழைய சேவ் ஃபைலைத் திறப்பாரா? மூன்றாவதுதான் உங்கள் கேமில் நடக்கிறது என்றால், நீங்கள் செய்தது அனுபவ முறையே அல்ல, சேவ்-லோட் பயிற்சி.

புதியவருக்கும் பழையவருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? மல்டிபிளேயர் இருந்தால் மட்டும் இது உயிர்நாடி.

உங்கள் வேலைப்பளு. 20 வகை யூனிட் இருந்தால், யாரோடு யார் மோதினால் என்ன ஆகும் என்று பார்க்க 400 ஜோடிகள். ரேங்க் இல்லாத நிலையோடு மூன்று ரேங்க் சேர்த்தால் 20 வகை 80 ஆகிறது, ஜோடிகள் 6,400. எல்லாவற்றையும் யாரும் சோதிக்கப் போவதில்லை, உண்மைதான். ஆனால் பேலன்ஸ் உடையும் இடம் அந்த 6,400-க்குள் எங்கோதான் ஒளிந்திருக்கும்.

## வழி 1: அனுபவமே இல்லாத படை

1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் ஒரு குதிரைவீரன் நூறு பேரை வெட்டினாலும் அவன் பழைய குதிரைவீரன்தான். பலம் கூட வேண்டுமென்றால் கொல்லன் பட்டறையில் ஆராய்ச்சிக்குக் காசு கட்ட வேண்டும். கட்டிய பலன் படையிலிருக்கும் எல்லாருக்கும் கிடைக்கும், இனிமேல் பிறக்கப் போகிறவனுக்கும் கிடைக்கும். ஸ்டார்கிராஃப்டும் இதே பாதை. யூனிட்டைச் சொடுக்கினால் எத்தனை பேரைக் கொன்றது என்று எண் காட்டும். அந்த எண்ணுக்கு எந்தச் சக்தியும் இல்லை. இருந்தாலும் ரசிகர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். வீரனை நினைவில் வைத்துக்கொள்ள பலத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வெறும் எண்ணே பாதி வேலையைச் செய்துவிடும். செலவே இல்லாத இந்த வசதியை ஏன் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

பெரிய லாபம், யூனிட்டைத் தயங்காமல் பலி கொடுக்கலாம். நாலு பேரை அனுப்பி எதிரியின் கவனத்தைத் திருப்பிவிட்டு மறுபக்கம் அடிப்பது போன்ற துணிச்சலான ஆட்டம் இங்கேதான் பிறக்கும். தோற்கும் நிலையிலிருந்து மீள்வதும் எளிது, ஏனென்றால் இழந்ததைக் காசாகக் கணக்கிட்டால் போதும்.

மறைமுக விலை கேம்பெயினில் தெரியும். மிஷனை 60 யூனிட்டோடு முடித்தாலும் 6 யூனிட்டோடு முடித்தாலும் அடுத்த மிஷன் ஒரே மாதிரி தொடங்கும். கவனமாக ஆடியவருக்கு அது சப்பென்று இருக்கும். 2010-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2: விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி இதற்கு நல்ல குறுக்குவழி கண்டது. தனி யூனிட்டுக்கு அனுபவம் கிடையாது. ஆனால் மிஷன்களில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு, நடுவில் கப்பலின் ஆயுதக்கூடத்தில், எல்லா மரீனுக்கும் (சாதாரணக் காலாள்) கேடயம் போல ஒரு மேம்பாட்டை நிரந்தரமாக வாங்கலாம். யார் செத்தாலும் அந்த முன்னேற்றம் சாகாது. தனியாளாகக் கேம் செய்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான்.

## வழி 2: ஆட்டம் முடியும்வரை மட்டும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஆர்டிஎஸ் உலகம் அதிகமாக யோசித்து, அதிகமாகச் சோதித்துப் பார்த்த இடம் இது. மூன்று பள்ளிகள் இருக்கின்றன.

பட்டை முறை. 2000-இல் வந்த ரெட் அலர்ட் 2. யூனிட் எதிரிகளைக் கொல்லக் கொல்ல முதலில் வெட்டரன், அப்புறம் எலைட் என்று பட்டை ஏறும். கொன்றவற்றின் விலையையும் தன் விலையையும் ஒப்பிட்டுக் கணக்கு நடப்பதால், மலிவான சிப்பாய் விலையுயர்ந்த டேங்க்கை வீழ்த்தினால் சட்டென்று உயர்ந்துவிடுவான். எலைட் ஆனால் ஆயுதம் மாறும், காயமும் தானாக ஆறும். பார்க்க அருமை. கடிவாளம் என்று பார்த்தால் ஏறக்குறைய எதுவும் இல்லை; ஜெயிப்பவர் கையில் எலைட் டேங்க்குகள் சேர்ந்தபின் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆட்டங்கள் குறுகியவை என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அழகான ஒரு சுற்றுவழியையும் வைத்தார்கள்: எதிரியின் பாரக்ஸுக்குள் உளவாளியை நுழைத்துவிட்டால், அதன்பின் உங்கள் காலாட்படை பிறக்கும்போதே வெட்டரனாக வரும். சண்டை போடாமலே அனுபவத்தைத் திருடலாம். பின்தங்கியவருக்கும் இதில் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

ஹீரோ முறை. 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3. கூட்டத்துக்கு அனுபவம் கிடையாது. அதிகபட்சம் மூன்று ஹீரோக்களுக்கு மட்டும். லெவல் 2-க்கு 200 எக்ஸ்பி, 3-க்கு 500, உச்சத் திறன் திறக்கும் லெவல் 6-க்கு 2,000. நடுவில் திரியும் காட்டு உயிர்களைக் கொன்றும் லெவல் ஏற்றலாம், ஆனால் லெவல் 5-ஐத் தொட்டபின் அவற்றால் பயன் இல்லை. எதிரியோடு மோதித்தான் ஆக வேண்டும். மூலையில் உட்கார்ந்து வளர்வதற்கு வைத்த பூட்டு இது.

ஹீரோ செத்தால் பலிபீடத்தில் பொன் கொடுத்து உயிர்ப்பிக்கலாம், லெவல் அப்படியே இருக்கும். ஆனால் நேரம் போகும், பணம் போகும், கொன்றவருக்கு எக்ஸ்பியும் போகும். வலி உண்டு, அழிவு இல்லை. இதற்கும் மேலே பராமரிப்பு வரி. அதன் விரிவாக்கமான ஃப்ரோசன் த்ரோனில் 50 உணவு அளவைத் (படையின் அளவைக் காட்டும் எண்) தாண்டினால் சுரங்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு 10 பொன்னிலும் 7 மட்டும் கைக்கு வரும். 80-ஐத் தாண்டினால் 4. படை பெருத்தால் வருமானம் சுருங்கும் என்பதால், எல்லாரும் சின்னப் படையை வைத்துக்கொண்டு ஹீரோவைப் பார்த்துப் பார்த்து ஆடுகிறார்கள். மேலே சொன்ன லான்செஸ்டர் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அனுபவத்துக்கு மதிப்பு வர வேண்டும் என்பதற்காகவே படையைச் சின்னதாக்கியது போல இருக்கிறது. ஹீரோவை மட்டும் நகலெடுத்து வரியை விட்டுவிட்ட கேம்களில் இந்தச் சமநிலை வராது.

பின்வாங்கும் முறை. 2006-இல் வந்த கம்பெனி ஆஃப் ஹீரோஸ். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. யூனிட் என்பது ஒரு குழு. குழுவில் ஒரே ஒருவன் உயிரோடு தலைமையகத்துக்கு ஓடி வந்தாலும் ரேங்க் தப்பிவிடும். புதுக் குழு வாங்குவதைவிட மலிவாக மற்ற ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஓடி வர ஒரே பொத்தான் போதும், ஓடும்போது அடியும் குறைவாக விழும். அனுபவம் இங்கே பரிசாக மட்டும் நிற்கவில்லை, ஒவ்வொரு சண்டையிலும் ஒரு கேள்வி கேட்கிறது: இன்னும் பத்து விநாடி நின்றால் அந்த இடம் கிடைக்கலாம், ஆனால் மூன்று ரேங்க் உள்ள குழு போய்விடலாம். ஓடுவதா, நிற்பதா? ஓடினால் இடம் போகும், நின்றால் ஆள் போகும்.

இதே கேமில் ஜெர்மன் வெர்மாக்ட் தரப்புக்கு விதி வேறு. அவர்கள் தனிக் கட்டிடம் ஒன்றில் காசு கொடுத்து ரேங்க்கை வாங்குவார்கள், ஒரு வகை யூனிட் முழுவதற்கும் சேர்த்து. அமெரிக்கர்கள் சண்டையில் சம்பாதிக்க வேண்டும். முதல் வழியும் இரண்டாம் வழியும் ஒரே மேஜையில் எதிரெதிராக மோதுகின்றன. சின்ன அணிக்கு இது பேலன்ஸ் தலைவலி, சொல்லிவிட்டேன்.

மறைமுக விலைகள்: கூட்டத்துக்கு நடுவே ரேங்க் அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் ஆட்டக்காரர் தெரியாமலே அனுபவசாலியைச் சாகவிடுவார். கம்ப்யூட்டர் எதிரிக்கும் பின்வாங்கக் கற்றுத்தர வேண்டும். இல்லாவிட்டால் அனுபவம் என்பது மனிதருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாகிவிடும், கடினமான லெவல்கூட எளிதாகிவிடும். பாதை தேடும் நிரல் சொதப்பி டேங்க் தானாகப் போய்ச் சிக்கிச் செத்தால், சாதாரண டேங்க் என்றால் சலிப்பு வரும், எலைட் டேங்க் என்றால் கோபமே வரும்.

## வழி 3: கேம்பெயின் முழுக்கக் கூடவே வரும் படை

பங்கி நிறுவனம் 1997-இல் வெளியிட்ட மித்: த ஃபாலன் லார்ட்ஸில் கட்டிடமே கிடையாது. கையில் இருக்கும் ஆட்கள்தான் படை. ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு. உயிரோடு மிஞ்சியவன் அனுபவத்தோடு அடுத்த சண்டைக்கு வருவான். செத்தவன் செத்தவன்தான். நாலு சண்டை தாண்டிய ஒரு குள்ள வெடிகுண்டுக்காரன் தன்னுடைய குண்டிலேயே மாட்டிச் செத்தால், அந்த எரிச்சல் வேறெந்த வழியிலும் கிடைக்காது. அதுதான் இந்த வழியின் பலம். அதுவேதான் பலவீனமும்.

1999-இல் வந்த விண்வெளி கேமான ஹோம்வேர்ல்டில் தனிக் கப்பலுக்கு லெவல் இல்லை. மிஞ்சிய கப்பல்கள் அப்படியே அடுத்த மிஷனுக்கு வரும். எதிரியின் கப்பலை இழுத்து வந்து தனதாக்கிக்கொள்ளும் சிறு கலங்கள் அதில் உண்டு. அவற்றைக் கொண்டு எதிரியின் பெரிய கப்பல்களைத் திருடிச் சேர்த்தவர்கள், வடிவமைப்பாளர் நினைத்தே பார்க்காத அளவு கப்பற்படையோடு கடைசி மிஷன்களுக்குப் போனார்கள். தட்டுத்தடுமாறி வந்தவர்களோ வெறும் கையோடு. எட்டாவது மிஷனை வடிவமைக்கிறவருக்கு, வாசலில் வந்து நிற்கப்போவது யார் என்று தெரியாது. இந்த வழியின் மிகப் பெரிய மறைமுக விலை இதுதான்.

2003-இல் ஹோம்வேர்ல்ட் 2 இதைச் சரிசெய்யப் பார்த்தது: உங்கள் கப்பற்படை பெரிதாக இருந்தால் எதிரியும் பெரிதாக வருவான். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நன்றாக ஆடியதற்கு வெகுமதி தண்டனை என்றாகிவிட்டது. மிஷன் முடியும் தறுவாயில் தங்கள் கப்பல்களைத் தாங்களே கலைத்துவிட்டு, பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த மிஷனில் புதிதாகக் கட்டலாம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். படையைக் காப்பாற்று என்று சொல்லும் கேமில், படையைக் கலைப்பதே புத்திசாலித்தனம் ஆகிவிட்டது! எதிரியின் பலத்தை ஆட்டக்காரரின் பலத்தோடு நேராகக் கட்டிவிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, இதில் தப்பிக்கும் வழிகள் என்ன? இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஒரே எண்ணத்தின் கிளைகள்: கூட வருபவர்களின் எண்ணிக்கையைக் குறை. வார்கிராஃப்ட் 3 கேம்பெயினில் ஹீரோவின் லெவலும் பையிலுள்ள பொருள்களும் மட்டும் அடுத்த மிஷனுக்குப் போகும். சாதாரணப் படை போகாது. 2009-இல் வந்த டான் ஆஃப் வார் 2 இன்னும் ஒரு படி மேலே போய், கேம்பெயினில் கட்டிடத்தையே தூக்கிவிட்டது. தளபதியோடு மூன்று குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் லெவல் 20 வரை வளர்ச்சி, மாட்டிக்கொள்ள ஆயுதமும் கவசமும். குழுத்தலைவர் வீழ்ந்தால் இன்னொருவரை அனுப்பி எழுப்பலாம். நிரந்தரச் சாவு இல்லாததால் பழைய சேவ் ஃபைலைத் திறக்கும் ஆசை வருவதில்லை.

"அப்படியென்றால் மித் தரும் அந்த வலி போய்விடுமே?" என்று கேட்பீர்கள். போகும்தான். இருந்தாலும், எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்யலாம் என்று வைத்துவிட்டு நிரந்தரச் சாவையும் வைத்தால், அந்த வலியைப் பெரும்பாலோர் எப்படியும் அனுபவிக்கப் போவதில்லை. பழைய சேவ் ஃபைலைத் திறந்துவிடுவார்கள். வலி வேண்டும் என்றால் மிஷனுக்கு நடுவில் சேவ் இல்லை என்று வைக்க வேண்டும்; அப்படி வைத்தால் மிஷன் அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

## வழி 4: கணக்கோடு ஒட்டிய லெவல்

வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது.

2005-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3 "தாய்நகரம்" என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஆட்டம் ஆட ஆட நகரத்தின் லெவல் ஏறும், புதுப்புது கார்டுகள் திறக்கும், அந்தக் கார்டுகளைக் கொண்டு ஆட்டத்துக்கு நடுவே படையும் பொருளும் வரவழைக்கலாம். யோசனை நல்லதுதான். ஆனால் புதிதாக வருபவர், கார்டு நிறைந்த பழையவரோடு மோதும்போது, தோற்றது திறமையாலா கார்டாலா என்று அவருக்கே தெரியாது. 2020-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் எல்லாக் கார்டுகளையும் தொடக்கத்திலேயே திறந்துவிட்டார்கள். கார்டு முறை அப்படியே இருக்கிறது, உழைத்துத் திறப்பது மட்டும் போய்விட்டது. யாரும் அதற்காகக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

2011-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆன்லைன் இதையே முழு வியாபாரமாக்கிப் பார்த்தது. லெவல் 40 வரை நகரம், யூனிட்டுக்கு மாட்டும் கருவிகள், இலவச ஆட்டம், காசுக்கு நாகரிகங்கள். 2014 ஜூலை 1-ஆம் தேதி சேவை மூடப்பட்டது. பிறகு ரசிகர்கள் தாங்களே சர்வர் அமைத்து ப்ராஜெக்ட் செலஸ்ட் என்ற பெயரில் அதை மீட்டெடுத்தார்கள். இந்த வழியின் மறைமுக விலை இங்கே பளிச்சென்று தெரிகிறது. லெவல் உங்கள் சர்வரில் இருக்கிறது என்றால், அந்தச் சர்வர் இருக்கும்வரைதான் ஆட்டக்காரரின் உழைப்புக்கும் ஆயுள். கணக்கு, தரவுத்தளம், ஏமாற்றுத் தடுப்பு, பழைய லெவலைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது எல்லாம் உங்கள் தலையில். தனியாகக் கேம் செய்பவர் இதில் கால் வைப்பது தற்கொலைக்குச் சமம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கூட்டு ஆட்டம். 2015-இல் ஸ்டார்கிராஃப்ட் 2-இல் சேர்ந்த கோ-ஆப் மிஷன்களில் ஒவ்வொரு தளபதிக்கும் லெவல் 15 வரை, பின்னாளில் அதற்கு மேல் 90 மாஸ்டரி புள்ளிகளும் சேர்ந்தன. எதிரே கம்ப்யூட்டர்தான். பக்கத்தில் இருப்பவர் லெவல் 15 என்றால் எனக்கு எரிச்சல் இல்லை, நிம்மதிதான். அவர் என்னையும் சேர்த்துக் காப்பாற்றுவார். டான் ஆஃப் வார் 2-இன் லாஸ்ட் ஸ்டாண்டும் அப்படித்தான். மூன்று பேர், 20 அலைகள், ஆளுக்கொரு ஹீரோ, ஆட்டத்துக்கு ஆட்டம் லெவலும் ஆயுதமும் சேரும். மனிதரோடு மனிதர் மோதாத இடத்தில் கணக்கோடு ஒட்டிய லெவல் யாரையும் புண்படுத்துவதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | 1. அனுபவம் இல்லை | 2. ஆட்டம்வரை | 3. கேம்பெயின்வரை | 4. கணக்கோடு |
|---|---|---|---|---|
| முந்தியவருக்குச் சாதகம் | குறைவு | நடுத்தரம்; கடிவாளம் வேண்டும் | மிக அதிகம், மிஷனுக்கு மிஷன் பெருகும் | போட்டியில் அதிகம், கூட்டு ஆட்டத்தில் பிரச்சினை இல்லை |
| ஏற்ற படை அளவு | எவ்வளவு பெரிதானாலும் | சின்னது, நடுத்தரம் | கைவிரல் விட்டு எண்ணுமளவு | ஒரு தளபதி அல்லது ஹீரோ |
| யூனிட் செத்தால் | இன்னொன்று கட்டுவார் | பின்வாங்குவார், உயிர்ப்பிப்பார் | பழைய சேவ் ஃபைலைத் திறப்பார் | லெவல் போகாது |
| புதியவருக்கு | சமம் | சமமாகத் தொடங்குவார் | பொருந்தாது | பின்தங்கித் தொடங்குவார் |
| மறைமுக விலை | கேம்பெயின் சப்பென்று போகும் | அடையாளம், கம்ப்யூட்டர் எதிரியின் புத்தி | மிஷன் கடினத்தைக் கணிக்க முடியாது | சர்வர், பராமரிப்பு, மூடும் நாள் |

## உங்கள் நிலைமை எது?

ஒருவரோடு ஒருவர் மோதும் போட்டிதான் உங்கள் கேமின் உயிர், படையும் நூற்றுக்கு மேல் போகும் என்றால் முதல் வழி. கொன்ற எண்ணிக்கையை மட்டும் காட்டுங்கள். அனுபவம் வைத்தே தீர வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், அடித்துக்கொள்ளட்டும்.

போட்டிதான், ஆனால் படை சின்னது, இருபது முப்பது யூனிட்டுக்குள் என்றால் இரண்டாம் வழி. கம்பெனி ஆஃப் ஹீரோஸ் பள்ளியிலிருந்து தொடங்குங்கள். ரேங்க் வைப்பதற்கு முன்னால் பின்வாங்கும் பொத்தானை வையுங்கள். அதை வைத்து ஆடிப் பார்த்தபின் ரேங்க் தேவைதானா என்று திரும்ப யோசியுங்கள். பின்வாங்க வழியில்லாத கேமில் ரேங்க் வெறும் அதிர்ஷ்டக் கணக்கு.

கதைதான் முக்கியம், தனியாக ஆடும் கேம்பெயின் என்றால் மூன்றாம் வழி, ஆனால் பெயருள்ள மூன்று நான்கு பேருக்கு மட்டும். மற்ற படைக்கு ஸ்டார்கிராஃப்ட் 2 பாணியில் மிஷன்களுக்கு நடுவே வாங்கும் மேம்பாடு. ஒவ்வொரு மிஷனுக்கும் லெவல் உச்சவரம்பு ஒன்று வையுங்கள். மிஷன் ஐந்தில் லெவல் 6-க்கு மேல் போகாது என்று தெரிந்தால் மிஷன் ஆறை வடிவமைக்கலாம். அடிமட்டமும் வேண்டும்: தோற்றுத் தடுமாறி வந்தவரையும் லெவல் 4-இல் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். இந்த இரண்டு கோட்டுக்கு நடுவே நன்றாக ஆடியவருக்கும் சுமாராக ஆடியவருக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.

நண்பர்கள் சேர்ந்து கம்ப்யூட்டரை எதிர்க்கும் கேம் என்றால் நான்காம் வழி சரி. லெவலை ஆட்டக்காரரின் கணினியிலேயே சேமியுங்கள். யாராவது ஃபைலைத் திருத்தி லெவல் 15 ஆக்கிக்கொண்டால்? ஆக்கிக்கொள்ளட்டும், யாரும் நஷ்டப்படவில்லை.

இரண்டு மூன்று வகை ஆட்டமும் ஒரே கேமில் வேண்டும் என்பவர்கள் வார்கிராஃப்ட் 3-ஐப் பாருங்கள். அதே ஹீரோ, அதே லெவல் முறை. கேம்பெயினில் நினைவு நீடிக்கிறது, மனிதரோடு மோதும் ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் லெவல் 1-இல் தொடங்குகிறது. நிரல் ஒன்றுதான், நினைவின் நீளம் மட்டும் வேறு.

## எதை எடுத்தாலும் கவனிக்க வேண்டிய இரண்டு

கடைசி அடி கொடுத்தவருக்கு மட்டும் எக்ஸ்பி என்று வைக்காதீர்கள். வைத்தியர், பொறியாளர், கேடயம் பிடிப்பவர் எல்லாரும் காலமெல்லாம் லெவல் 1-லேயே கிடப்பார்கள். ஆட்டக்காரரும் சண்டையைப் பார்க்காமல் யார் கொல்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். வார்கிராஃப்ட் 3-இல் கொன்றது யாராக இருந்தாலும் பக்கத்தில் நிற்கும் ஹீரோக்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். எழுதுவதற்கும் அதுதான் எளிது.

சேவ் ஃபைலில் யூனிட்டின் மொத்த எக்ஸ்பியை மட்டும் எழுதுங்கள். லெவலையும் பலத்தையும் எழுத வேண்டாம். ஃபைலைத் திறக்கும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். நாளைக்கு 30% அதிகம் என்று பட்டு 20% ஆக்கினாலும், லெவல் 3-க்கான எல்லையை 500-இலிருந்து 450-க்கு இறக்கினாலும், பழைய சேவ் ஒன்றும் உடையாது.